முப்பத்தேழு வீசை

காலை ஏழு மணிக்கு டாலர் ஒரு விலை.
பல் துலக்கி வருவதற்குள் வேறு விலை.
எட்டரைக்குத் தரகர் சிங்காரவடிவேல் போனில் கத்துகிறார்:
கையிலிருக்கும் கியாட்டையெல்லாம் தங்கமாக்கிவிடு தாயே,
நாளைக்கு அது பொட்டலம் கட்டத்தான் ஆகும்.
ஒன்பதுக்கு அவரே:
தங்கம் கிடைக்கவில்லை, கார் வாங்கு.
பத்துக்கு வேறொருவர்:
எல்லாவற்றையும் போட்டுவிட்டு எல்லையைத் தாண்டு.

போனைக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.
பணம் இருக்கவேண்டிய இடத்தில்
அது கிர் கிர் என்று துடித்துக்கொண்டிருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு
குடோன் நடுவே மேடைத் தராசில் ஏறி நின்றேன்.
பழைய தராசு.
யாங்கோனில் எல்லோரும் பெய்த்தா என்பார்கள்,
என் வாயில் வீசைதான் வருகிறது.
முள் ஆடியது, யோசித்தது, நின்றது:
முப்பத்தேழு.
மதியம் ஏறினேன். முப்பத்தேழு.
இந்த ஊரில் அன்று
கணக்கு மாறாத ஒரே சரக்கு நான்தான்.
கணக்கெழுதும் மா தண்டா சிரிப்பை அடக்கினாள்;
நான் அடக்கவில்லை.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது.

மூட்டை நானூற்றுப் பன்னிரண்டு,
சென்னைக்குப் போகவேண்டிய உளுந்து.
கப்பல் இல்லை. வங்கிக் கதவில் ஒரு காகிதம்,
அதன் கீழே ஒரு நாய் படுத்திருக்கிறது.
பத்தொன்பது ஆட்கள்.
பெகுப் பக்கத்து விவசாயிகளுக்குப் பாதிப் பணம் பாக்கி.
மழைக்கு ஏழு வாரம்.

குத்தூசியை மூட்டையில் இறக்கி
வந்த மணியைப் பல்லில் வைத்தேன்.
டக் என்றது. நல்ல காய்ச்சல்.
எனக்கு அடிக்கும் காய்ச்சல் வேறு.

எது விலை ஏறும் என்று கேட்டால்
யாருக்கும் தெரியாது.
எது முதலில் கெடும் என்று கேட்டால்
பருப்பு மில்காரிக்குத் தெரியும்.
ஈரம் படாத உளுந்து அடுத்த தையைப் பார்க்கும்.
மிஷின் தூங்கும், கெடாது.
கூலி ஆறு நாள் தாங்காது.
கொடுத்த வாக்கு
அதற்கும் முன்னால் பூச்சி பிடிக்கும்.

ஆகவே டாலர் வாங்கவில்லை.
சக்கரம் வைத்த எதையும் ஜனம் வாங்கிய வாரம் அது;
இரண்டாவது லாரியை விற்றேன்.
நோட்டை விட்டு எல்லோரும் ஓட
நோட்டு வாங்க நான் நின்றேன்.
எண்ணி முடித்த மை காயுமுன்
டிரைவர் சூசை கையில் பெகுவுக்கு அனுப்பினேன்.
ஊ தெய்ன் லின் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லையாம்.
வீட்டுக்குள் அடுக்கியிருந்த அறுபது மூட்டையை
வேறு யாருக்கும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆட்களுக்குப் பாதிக் கூலி நோட்டாக,
மீதி அரிசியும் எண்ணெயும்.
கோ மின் சோ வேலையை விட்டுப் போனான்.
போகும்போது என்னைச் சொன்ன வார்த்தை
இன்னும் குடோனில்தான் கிடக்கிறது,
கூட்டித் தள்ள முடியவில்லை.
அதில் கால்வாசி நியாயம்.

ஒரு தப்பும் செய்தேன்.
திங்கள் இரவு, தூக்கமில்லாமல்,
நாற்பது மூட்டையை அதே சிங்காரவடிவேலுக்கு
அடிமாட்டு விலைக்குத் தள்ளினேன்.
இருட்டில் முடிவெடுக்காதே என்று
செவ்வாய் காலை நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்.
செவ்வாய் இரவே இன்னொரு முடிவெடுத்தேன்,
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்.
அது தப்பாகவில்லை. எப்படி என்று தெரியாது.
கப்பலுக்குக் காத்திருந்ததை உடைத்து, தோல் நீக்கி
அரை வீசைப் பொட்டலமாக்கித்
தோசைக்கடை தோசைக்கடையாக ஏறி இறங்கினோம்.

மழை சொன்ன வாரத்துக்கு முன்பே வந்தது.
கூரையில் மூன்று இடத்தில் ஒழுகல்.
இருந்த மூட்டைகளை நடுவுக்கு இழுத்தோம்,
நானும் தோள் கொடுத்தேன்.
இளைப்பாறத் தராசின் மேல் உட்கார்ந்தபோது
முள் முப்பத்தைந்தரையில் நின்றது.

எழுதட்டுமா என்றாள் மா தண்டா.
எழுது.
தேய்மானம் என்ற பத்தியில்.